சாலைத்துறை அலுவலகத்தில் ஆறிப்போன காப்பி

மகள் ஹனாதிக்கு அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மேலும், மாப்பிள்ளை மேலும், அந்தக் குளிர் தேசத்தில் உங்களுக்குக் கூரையாக இருக்கிற வீட்டின் மேலும் உண்டாகட்டும். இங்கே எல்லோரும் நலமா என்று நீ கேட்பாய். ஆடுகள் நலம், உன் அம்மாவின் வாய் நலம், நான் நலமில்லை. காய்ச்சல் இல்லை, சர்க்கரையும் ஏறவில்லை, கோபம்தான். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு இன்று என்ன சமைத்தாய் என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

உன் தங்கை நோஃபாவின் இடது காலில் இரும்புக் கம்பி வைத்து முடுக்கியிருக்கிறார்கள். நடப்பாள் என்கிறார் டாக்டர், ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார். கட்டிலில் படுத்தபடியே தன் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்துகிறாள், வலி வந்தால் மட்டும் அன்றைக்கு யாருக்கோ மதிப்பெண் குறைகிறது. பள்ளிக்கூடத்தை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டு, பஸ்ஸை இந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள். நடுவில் இருந்த சிமெண்டுத் தடுப்பை நம் ஊர்க்காரர்களே கடப்பாரையால் உடைத்து ஆள் நுழைகிற அளவுக்கு வழி பண்ணியிருந்தார்கள், உடைத்தவர்களைத் திட்டாதே, இல்லாவிட்டால் பிள்ளைகள் பறந்தா போகும்? அந்தச் சந்தில் கால் வைத்தபோதுதான் தண்ணீர் லாரி அவளை அடித்தது. ஓட்டியவன் அய்ஹம் என்று ஒரு பையன், முந்தைய நாளிலிருந்து தூங்கவில்லையாம். அவனை மன்னித்துவிடுங்கள் அப்பா, மனிதன் தவறு செய்வான், சாலைதான் அதைத் தாங்க வேண்டும் என்று உன் சாலைப் படிப்பு பாஷையில் நீ செய்தி அனுப்பினாய். படிப்பதற்கு நன்றாக இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் ஆயுசில் பாதியை அகபா துறைமுகச் சாலையில் லாரி ஓட்டிக் கழித்தவன், தூக்கம் கண்ணை இழுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் ஸ்வீடனில் சாலை மன்னிக்கிறது, இங்கே மன்னிக்கிற வேலையை எல்லாம் மனிதன் செய்கிறான், சாலை யாரையும் மன்னிப்பதில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரத்தில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. பலூன் கட்டினார்கள், பிள்ளைகளுக்கு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள், மெதுவாகப் போ என்று பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு எந்த லாரியும் மெதுவாகப் போகவில்லை. தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் அதே சந்து வழியாகத்தான் வீட்டுக்கு ஓடின.

பிறகு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அய்ஹமின் ஆட்கள் நம் வீட்டு முன் போட்ட கூடாரத்துக்குச் சமாதானம் கேட்டு வந்தார்கள். முன்னால் நின்றவர் ஃபவ்வாஸ் பாஷா, ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் தோட்டத்துக்கு மட்டும் ஒரே வாரத்தில் தார் ரோடு போடவைத்த அதே ஆள். நம் வழக்கத்தை நீ மறந்திருப்பாய், காப்பியை அட்டைக் குவளையில் வாங்கித் தெருவில் குடித்துக்கொண்டே நடக்கிறவர்கள் நீங்கள். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினோம், அவர்கள் குடிக்காமல் தரையில் வைத்தார்கள். பாஷா எழுந்து, "நாங்க கேட்டு வந்தத நீங்க குடுக்கற வரைக்கும் இந்தக் காப்பி இங்கயே இருக்கட்டும்"னார். குடியுங்கள் என்று நான் சொன்னால் வழக்கு முடிந்தது, சொல்லாவிட்டால் அவர்களுக்கும் எனக்கும் அவமானம். எனக்குப் பணம் வேண்டாம், அந்த இடத்தில் ஒரு வேகத்தடையும் விளக்கும் பிள்ளைகள் கடக்க ஒரு வழியும் வரட்டும், அன்றைக்குக் குடிக்கச் சொல்கிறேன் என்றேன். அல்லாஹ்வுக்காக, நபிக்காக, வந்த பெரியவர்களுக்காக என்று நஷ்டஈட்டில் ஒவ்வொரு பங்காக விட்டுக்கொடுப்பதுதானே மரியாதை, இவன் என்ன சிமெண்டும் ஜல்லியும் கேட்கிறான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் உன் பெரியப்பா அபூ சகர் எழுந்தார். மூத்தவர் பேசினால் இளையவன் வாயை மூட வேண்டுமே. "அட என்னப்பா, வந்தவங்கள இப்பிடியா உக்கார வெப்ப? பாஷா, குடிங்க, நீங்க கேட்டது குடுத்தாச்சு, பொண்ணு காலு அவ விதி"ன்னு சொல்லிவிட்டார். யாருடைய கால்? அவர் வீட்டுக் காலா? அத்தனை பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள், ஆட்டுக்கறி போட்ட மான்சஃப் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்கள், அய்ஹம் என் தோளில் முத்தம் கொடுத்து அழுதான். உள்ளே நோஃபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ராத்திரி உன் அம்மா என்னிடம், "உன் தம்பட்டமெல்லாம் லாரிக்குள்ளதான், உன் அண்ணன் முன்னாடி நீ ஆட்டுக்குட்டி"ன்னாள்.

சரி, காப்பியை வைத்துத்தானே என் வாயை அடைத்தீர்கள், நானும் காப்பியோடு வருகிறேன் என்று கிளம்பினேன். பாஷாவிடம் போய், நீங்கள் கேட்டு வந்தது கிடைத்தது, இப்போது நான் கேட்பதற்கு நீங்கள் முன்னால் நடக்க வேண்டும் என்றேன். மறுக்க அவருக்கு வழியில்லை. ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் நல்ல அங்கி போட்டுக்கொண்டு சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனோம். அபூ சகரையும் இழுத்துப்போய், வாயைத் திறந்தால் தாடி இருக்காது என்று சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தேன். அதிகாரி பாஷாவைப் பார்த்ததும் பதறிப்போய் ஏலக்காய் போட்ட காப்பி வரவழைத்தார். எல்லோரும் வாங்கி அவர் மேசையிலும், நாற்காலி கைப்பிடியிலும், இடம் போதாமல் தரையிலும் குடிக்காமல் வைத்தோம். அந்த மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. தன் அறையில் விருந்தாளியின் காப்பி ஆறுவதைவிட அவர் வேலை போனாலும் பரவாயில்லை என்பது போலப் பார்த்தார்.

"என் கையில இல்ல ஹாஜி, சத்தியமா இல்ல. எந்தெந்த இடத்துக்குப் பணம்னு ஸ்வீடன்ல இருந்து ஆராய்ச்சி பண்ணி அனுப்பியிருக்காங்க, அத மீறி ஒரு கல்லு வெக்க எனக்கு அதிகாரம் கெடையாது"ன்னு சொல்லி, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். மாவட்டம் முழுக்க அம்மை போட்டது மாதிரி சிவப்புப் புள்ளிகள், நம் ஊர் மட்டும் வெள்ளை. "உங்க ஊர்ல விபத்தே கெடையாதே, இருக்கறதுலயே பாதுகாப்பான எடம்"னார். பாஷா தொண்டையைக் கனைத்தார். நான் கேட்டேன், என் மகளுடைய கால் என்ன பூனை கடித்தா போனது, போன வருஷம் ரொட்டிக்கடைக்காரரின் மனைவியை அதே இடத்தில்தானே அள்ளி எடுத்தோம் என்று. அதிகாரி குரலை இறக்கி, கோர்ட்டில் தீர்ப்பான வழக்குகளை மட்டும்தான் அவர்கள் எண்ணினார்கள், சமாதானமாகப் போனதெல்லாம் கணக்கில் வராது என்றார். உன் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தாடியைத் தடவிக்கொண்டு தரையில் இருந்த காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மன்னிக்க மன்னிக்க, அடிபட்டவர்கள் ஒவ்வொருவராக அந்தப் படத்திலிருந்து அழிந்திருக்கிறார்கள்.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். அந்த ஆள் வாசல்வரை ஓடிவந்து கெஞ்சினார், பாவம், அவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கிளம்பும்போது அந்தப் படத்தின் கீழே ஆராய்ச்சி செய்தவர்களின் பெயர்களைப் படித்தேன். அதில் உன் பெயர் இருந்தது ஹனாதி. வயிற்றில் பிறந்தது ஆண் இல்லையே என்று கேட்டவர்களிடமெல்லாம் மார்தட்டி, ஹனாதியின் அப்பா, அபூ ஹனாதி என்றே என்னைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவன் நான். அன்றைக்கு அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது என் மகள் என்று யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினேன்.

நீ என்ன வெள்ளைக்காரியா? இந்த மண்ணில் பிறந்தவள்தானே? நம் வீட்டுக் கூடாரத்தில் எத்தனை சமாதானத்துக்குக் காப்பித் தட்டு தூக்கியிருப்பாய்! எங்கள் ஊரில் விபத்து கோர்ட்டுக்குப் போகாது, அது கூடாரத்தில் முடிந்துவிடும் என்று அந்தப் பெரிய படிப்புக்காரர்கள் நடுவில் நீ ஒருத்தி வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? அவர்களுக்குத் தெரியாதது குற்றமில்லை. உனக்குத் தெரியும். தெரிந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தும் நம் ஊர் வெள்ளையாக இருக்கிறது என்பதுதான் என் நெஞ்சை அடைக்கிறது. அவசரத்தில் விட்டுப்போயிற்று, மேலே இருக்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எதையாவது எழுதி என்னைச் சமாதானம் செய்யாதே. இந்த வீட்டில் சமாதானம் போதும் போதும் என்றாகிவிட்டது. போய்ச் சொல், மறுபடி எண்ணச் சொல், ஆஸ்பத்திரியில் கேட்கச் சொல், கல்லறையில் கேட்கச் சொல், கூடாரம் கூடாரமாகப் போய்க் கேட்கச் சொல். உன் தங்கையின் கால் அந்தப் படத்தில் ஒரு புள்ளியாகவாவது வரட்டும்.

உன் அம்மா காய்ந்த தயிர்க்கட்டியும் டீயில் போடுகிற மரமியா இலையும் கட்டி வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம். நோஃபா உன்மேல் கோபமில்லை என்று எழுதச் சொன்னாள், அவள் சொன்னாள் என்பதற்காக எழுதுகிறேன், நான் நம்பவில்லை. பனியில் காதை மூடிக்கொள், மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், உன் வாய்க்குத் தைரியம் கொடுக்கட்டும், என் கோபத்தையெல்லாம் உனக்குப் பரக்கத்தாக மாற்றட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போது தினமும் காலையில் பஸ் வரும் நேரத்துக்கு நான்தான் அந்தச் சந்தில் நிற்கிறேன். சிவப்புத் தலைத்துணியை அவிழ்த்து வீசினால் சில லாரிகள் நிற்கின்றன, சில நிற்பதில்லை, பிள்ளைகள் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு கடக்கின்றன. உங்கள் திட்டம் வந்து சேரும்வரை இந்த ஊருக்குத் திட்டம் நான்தான். சீக்கிரம் எழுது மகளே, அந்த லாரிகளின் பிரேக் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அப்பா,
அபூ ஹனாதி