ஷிஃப்டுக்கு மூன்று முறை

ஜூன் 8, 1981. திங்கள்.
வெயில். மழை இன்றைக்கு, நாளைக்கு என்கிறார்கள். அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரிசல்ட் வாங்கினேன். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்.

“எப்போ குணமாகும் சார்?”

“குணம் இல்ல. கன்ட்ரோல்.” டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். “டென்ஷன் ஆகாதீங்க. கோபப்படக் கூடாது.”

கோபத்தைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது? இந்த நோய் அனேகமாகக் கொல்லாதாம். வயது இருபத்தாறு. சர்வீஸ் இன்னும் முப்பத்திரண்டு வருஷம்.

இன்று 11. ர. 7. (முதல் எண் எத்தனை தடவை போனேன் என்பது. ர. என்றால் அதில் ரத்தம். இனி இப்படியே எழுதுவது. அம்மா புரட்டினாலும் புரியாது.)

ஜூன் 9. செவ்வாய்.
சல்ஃபா மாத்திரை நாலு வேளை. மூத்திரம் ஆரஞ்சுக் கலர்.

அம்மா பக்கத்து வீட்டில் “அல்சராம்” என்று சொல்லிவிட்டாள். இரைப்பைப் புண் என்றால் மரியாதை. நெஞ்சுவலி என்றால் ஆரஞ்சுப்பழத்தோடு வருவார்கள். இதை யாரிடம் சொல்ல?

கம்பெனியில் சொல்ல முடியாது. சொன்னால் மெடிக்கல் போர்டு. ‘அன்ஃபிட்’ என்று ஒரு சீல், அதோடு வேலை போச்சு. சொல்லாவிட்டால் டோக்கன்.

டோக்கன் விஷயத்தை ஒருமுறை எழுதித் தொலைக்கிறேன். எங்கள் செக்‌ஷனில் நாற்பது பேர். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் ஒரு பித்தளை டோக்கன். அதை எடுத்து, நோட்டில் நம்பரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் கக்கூஸ் போகணும். ஒரு ஷிஃப்டுக்கு மூன்று முறை. நாலாவதுக்கு மெமோ. மூணு மெமோவுக்கு சார்ஜ் ஷீட்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்.

போன வருஷம். சூப்பர்வைசரின் ஆட்கள் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். மற்றவன் கைகட்டிக் கேட்கணும். யூனியன் கூட்டத்தில் எழுந்து கத்தினேன்: எல்லாருக்கும் ஒரே சட்டம். கைதட்டல். பக்கத்து லேத் ஆரோக்கியசாமி அண்ணன் மட்டும் எழுந்து, “தம்பி, எனக்கு சுகர். அஞ்சாறு தடவை போகணுமே” என்றார். “ஆளுக்கு ஒரு காரணம் சொன்னா சட்டம் எதுக்குண்ணே?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து உட்கார்ந்தார்.

பழைய டைரியைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில்: ‘நன்றாகப் பேசினேன்.’

இன்று 12. ர. 8.

ஜூன் 11. வியாழன்.
வீடு இருக்கிற போலாரத்திலிருந்து ஃபாக்டரிக்கு இரண்டு பஸ். நடுவில் இறங்கக்கூடிய இடங்கள்:
– செகந்திராபாத் ஸ்டேஷன் (பிளாட்பாரம் டிக்கெட் வேணும்)
– தார்நாகா பெட்ரோல் பங்க் (கெஞ்சணும்)
– ஹப்சிகுடா தாண்டி, புதர்
அதற்கப்புறம் கர்த்தர் விட்ட வழி.

பத்தரைக்குள் மூணும் தீர்ந்தது. பன்னிரண்டரை வரை பல்லைக் கடித்தேன். முடியவில்லை. மெஷின் துடைக்கிற பஞ்சுக் கழிவை ஏற்கெனவே பேன்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். கொஞ்சம் காப்பாற்றியது. கழுவப் போனேன். நாலாவது. முதல் மெமோ.

திரும்பும்போது பின்னாலிருந்து எங்கள் செக்‌ஷன் சலீம்: “க்யா மியா, குவார்ட்டர்ஸ் உதரிச் அலாட் ஹுவா க்யா?” கக்கூஸிலேயே வீடு கொடுத்துவிட்டார்களாம். பெரிய சிரிப்பு. நல்ல ஜோக்தான். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கும் நேரக் கணக்கு.

ஜூன் 13. சனி.
நேற்று இரண்டாவது மெமோ. இன்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். பேச்சு ஹிந்தியில், சாரம் இது:

“உனக்கு உடம்பு சரியில்ல. என்னன்னு நான் கேக்கல. டோக்கன் எடுக்காதே. எங்கிட்ட வாயால சொல்லிட்டுப் போ. முன்ன மாதிரி.”

“பதிலுக்கு?”

“கூட்டத்துல கொஞ்சம் சும்மா இரு. அவ்வளவுதான்.”

“ஆரோக்கியசாமிக்கு?”

“ஒருத்தருக்குன்னா தயவு. ரெண்டு பேருக்குன்னா சட்டத்தை மாத்தணும். சட்டம் நீ போட்டதுதானே?”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஆரோக்கியசாமி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படிச் சமாளிக்கிறீங்க என்று கேட்டேன்.

“தண்ணி குடிக்கிறதில்ல.”

“எப்போ?”

“ஏழு மணிக்கு உள்ள வந்தா மூணரை வரைக்கும். ஹவ், ஆமா, அவ்வளவுதான்.”

“சுகருக்குத் தாகம் அதிகமாச்சே.”

“அதிகம்தான்.” டிஃபனை மூடினார். “உனக்கு என்ன, வயிறா? ராத்திரிச் சாப்பாடு நக்கோ, வேண்டாம். காலி வயித்துல வா.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஜூன் 14. ஞாயிறு.
அம்மாவோடு கோயில். கதவோரம் பெஞ்ச். சபையில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். அம்மா “அல்சர்” என்றாள். கடவுளிடமும் அல்சர்தான்.

வீட்டில்: “எலே, ஒரு வாய் சாப்பிடுலே. எலும்பா நிக்கிய.” சாப்பிடவில்லை. தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 15. திங்கள்.
மழை, கடைசியில். காலி வயிறு. ஆனாலும் வந்தது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை போல. ஒன்பதேமுக்காலுக்குள் மூணும் முடிந்தது.

பத்தேகாலுக்கு மேஜை முன்னால் நின்றேன். டோக்கன் ஆணியில் தொங்கியது. “சார், போயிட்டு வரேன்” என்றேன். வாயால். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் அசைத்தார். அதற்கப்புறம் ஷிஃப்ட் முடிவதற்குள் இன்னும் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே கை.

ஆரோக்கியசாமி அண்ணன் பார்த்தார். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் யூனியன் கூட்டம். போனேன். பேசவில்லை.

இன்று 13. ர. 9. நோட்டில் 3.