இஞ்சின் தின்ற மண்

22 ஜனவரி 1986, புதன்

டயர் கடையிலிருந்து புது வருஷ டைரி வந்தது. அட்டையில் என் வீட்டுக்காரர் பெயர்தான் அச்சடித்திருக்கிறது. அவர் செத்துப் போய் ஐந்து மாதம் ஆனது கடைக்காரருக்குத் தெரியாது போல. தூக்கிப் போட மனசு வரவில்லை. நான் படித்தது ஐந்தாவது. பேனா பிடித்து இருபது வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

நம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியின் கம்ப்ரசர் இஞ்சினைச் சேலத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் இது இரண்டாம் தடவை. தனியாக ஒரு ரிக் வைத்திருக்கிற கொழுந்தனார் சென்னியப்பன் காலையிலேயே வந்து உட்கார்ந்தார்.

"நங்கை, அண்ணன் போனதோட அந்த வண்டிக்கு நேரஞ் செரியில்லீங்க. ஓமலூர்ல ஒருத்தரு கேக்கறாரு. குடுத்துப் போடலாம்."

முதல் தடவை பிரித்தது போன மாசியில். அப்போது அவர் இருந்தாரே, அது யாருடைய நேரம்? கேட்டேன். வைகாசி முடிய, போர் போடுகிற காலம் முழுக்க ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

"மறுபடியும் இஞ்சின் போச்சுன்னா?"

"போச்சுன்னா நானே சாவியக் குடுத்தர்றேனுங்க."

சொல்லிவிட்டேன்.

27 ஜனவரி, திங்கள்

சேலம் போய்வந்தேன். பட்டறையில் மெக்கானிக் கைலாசம் ஒரு சின்ன விசிறியை என் கையில் வைத்தார். டர்போவாம். இஞ்சின் கக்குகிற புகையிலேயே அது சுற்றி, வெளிக்காற்றை இழுத்து உள்ளே திணிக்குமாம். விசிறியின் இறக்கை நுனியெல்லாம் தேய்ந்து, பழைய கருக்கரிவாள் மாதிரி இருந்தது.

"மண்ணுத் தின்ன இஞ்சினுங்க அம்மணி இது. டர்போ வெச்சது சும்மா இருக்காது, பசியெடுத்தவனாட்டம் காத்தை இழுக்கும். காத்தோட மண்ணு வந்தா அதையும் இழுக்கும்."

"மண்ணு எப்படி வருதுங்க? பில்டர் இருக்குதுல்ல?"

"பில்டர் செரியில்லீங்க. உங்க வீட்டுக் கவுண்டர் எப்பவும் வெளி மார்க்கெட்டுச் சரக்குத்தான் வாங்குவாரு."

எது நல்லது என்று கேட்டேன். பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் நாலு சொன்னார்கள். அப்படியானால் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். மூன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பெனிப் பில்டர் ஒன்று. வெளி மார்க்கெட்டில் மஞ்சள் பெட்டியில் வந்தது ஒன்று. பெட்டியே இல்லாமல் பேப்பரில் சுற்றித் தந்தது ஒன்று.

29 ஜனவரி, புதன்

மூன்றையும் கட்டிலில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். உருண்டையாக, உள்ளே கூடாக, பார்க்க மூன்றும் ஒன்றுதான். காகிதத்தைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். மடிப்பை எண்ணினேன். கம்பெனியிலும் மஞ்சளிலும் மடிப்பு நெருக்கம், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. பேப்பரில் சுற்றியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கம்பெனியில் ஓரத்து ரப்பர் வளையம் அழுத்தினால் அமுங்கி எழும்புகிறது. மஞ்சள் கொஞ்சம் விறைப்பு.

கண்ணால் பார்த்து மாட்டைக்கூட வாங்கக் கூடாது. ஓட்டிப் பார்க்க வேண்டும்.

5 பிப்ரவரி, புதன்

இஞ்சின் பூட்டியாயிற்று. டிரில்லர் கந்தவேலிடம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர்க் குழாயில், உள்பக்கம் விளக்கெண்ணெய் லேசாகத் தடவ வேண்டும். ஒரு போர் முடிந்ததும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஊர்ப் பெயர் எழுதிய தாளில் சுற்றி எனக்கு அனுப்ப வேண்டும். பில்டரைத் தாண்டி மண் வந்தால் எண்ணெயில் ஒட்டும், துணியில் தெரியும்.

"அக்கா, இஞ்சினுக்கு வெளக்கெண்ண குடுத்தா வயிறு போயிராதுங்களா?"

"போனா நல்லதுதான். போன வருசம் தின்ன மண்ணெல்லாம் வெளிய வரட்டும்."

சிரித்துக்கொண்டே போனான். நானும் சிரித்தேன். ஆவணிக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

நான் போர் போடுகிற இடத்துக்குப் போக முடியாது. பெண்பிள்ளை பக்கத்தில் வந்தால் தண்ணீர் ஓடி ஒளிந்துகொள்ளும் என்பார்கள். பொட்டு அழித்தவள் வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் துணி என்னிடம் வருகிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

பேப்பரில் சுற்றி வந்த பில்டர், முதல் துணியே காப்பி வடிகட்டிய மாதிரி. இரண்டாவது இன்னும் மோசம். கழற்றச் சொல்லிவிட்டேன். நாளை மஞ்சள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மஞ்சள் பில்டரில் ஏழு போர் முடிந்தது. ஏழு துணியையும் வரிசையாகக் கொடியில் போட்டிருக்கிறேன். முதல் நாலும் வெள்ளை. ஐந்தாவதிலிருந்து அழுக்கு. நாலு போர் வரைக்கும் நல்லவனாக இருந்தவனுக்கு ஐந்தாவதில் என்ன வந்தது?

9 மார்ச், ஞாயிறு

கம்பெனிப் பில்டரும் அப்படியே. நாலு துணி வெள்ளை, ஐந்தாவதிலிருந்து அழுக்கு. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கொழுந்தனார் வந்தார். கொடியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, கம்பெனிச் சாமானே நிக்க மாட்டீங்குது. வண்டிக்கே ராசியில்லீங்க நங்கை. ஓமலூர்க்காரரு மறுபடியும் ஆளு விட்டிருக்காரு."

"வைகாசின்னு சொல்லியிருக்கறனுங்க."

"அதுக்குள்ள இஞ்சின் முழுசாப் போயிருச்சுன்னா அவரும் வாங்க மாட்டாரு."

அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் சொல்கிறவரும் இல்லை. ஆனாலும் ராசி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. மார்வலியில் அவர் விழுந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

11 மார்ச், செவ்வாய்

பால் வடிகட்டும்போது புத்தியில் பட்டது. வடிகட்டுகிற துணி பழசாக ஆக அடைத்துக்கொள்ளும். பால் மெதுவாக இறங்கும், ஆனால் சுத்தமாக இறங்கும். பில்டரும் அப்படித்தானே இருக்க வேண்டும்? இது தலைகீழாக அல்லவா இருக்கிறது. புதுசில் பிடிக்கிறது, பழசில் விடுகிறது.

மத்தியானம் சோளம் போட்டிருக்கிற அறைக்குள் கம்பெனிப் பில்டரை எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். கூட்டுக்குள் டார்ச்சை விட்டு அடித்தேன். மடிப்பு மடிப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், வெளிச்சம் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஓட்டை. மஞ்சளிலும் அதேதான்.

இரண்டு கம்பெனியும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டா ஐந்தாவது போரில் ஓட்டை விடும்?

கந்தவேலைக் கேட்டேன். "பில்டரை என்னப்பா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க அக்கா. எப்பவும் போலத்தானுங்க."

அந்த எப்பவும் போல என்ன என்று நான் பார்த்தாக வேண்டும். புதிதாகக் கம்பெனிப் பில்டர் ஒன்று வாங்கி மாட்டச் சொல்லியிருக்கிறேன். நாலாவது போர் அன்றைக்குப் போகிறேன். தண்ணீர் வராமல் போனால் போகட்டும்.

20 மார்ச், வியாழன்

மோகனூர்ப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம். பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. தோட்டத்துக்காரர் சம்சாரம் பூவாத்தாள் வரப்பிலேயே மறித்தாள். முதலில் நெற்றியைத்தான் பார்த்தாள்.

"ஆருங்க நீங்க?"

"ரிக் வண்டிக்காரிங்க."

"வண்டிக்காரரு வரலீங்களா?"

"இனி நாந்தானுங்க."

வண்டி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தண்ணி வர்ற நேரம். தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. அவர்கள் கிணறு வற்றி இரண்டு வருஷம். யார்தான் பயப்பட மாட்டார்கள்.

இருநூற்று எண்பது அடியில் தண்ணீர் பீய்ச்சியது. இரண்டு இஞ்ச் என்றார்கள், தோட்டத்துக்குத் தாராளம். பூவாத்தாள் எனக்குச் சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் வந்த காரியம். நாலு போருக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணுகிற வழக்கமாம், கந்தவேல் பில்டரைக் கழற்றினான். லாரி டயரில் படார் படார் என்று நாலு அடி. பிறகு கம்ப்ரசர் ஹோஸை எடுத்து அதற்குள் காற்றைத் திறந்தான். எந்தக் காற்று? முந்நூறு அடி ஆழத்திலிருந்து கல்லையும் சேற்றையும் தூக்கி எறிகிற காற்று. அதைக் காகிதத்தில் அடிக்கிறான். வெள்ளையாகத் தூசி பறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

"பாத்தீங்களா அக்கா, புதுசாட்டம் ஆயிருச்சு."

வேறு எந்த லாரிக்காரனும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. இத்தனை காற்றுக்கு அவன் எங்கே போவான்? நம்மிடம்தான் கொட்டிக் கிடக்கிறது.

"இப்பிடி அடிக்கோணும்னு ஆரு சொல்லிக்குடுத்தா?" என்றேன்.

கந்தவேல் ஹோஸை மூடினான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணன்தானுங்க."

21 மார்ச், வெள்ளி

ஏனுங்க, நீங்களா? இஞ்சின் சத்தத்தை வெச்சே நோவு சொல்லுவீங்களே, இது தெரியாமப் போச்சா? கையில் பில்டர் வெச்சுக்கிட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வெளிச்சத்துல பாத்திருக்கக் கூடாதா? போன மாசியில இஞ்சின் போனப்ப மூணு நாள் சோறு எறங்காம உக்காந்திருந்தீங்களே — ஆரைத் திட்டுனீங்க, டிரைவரைத் திட்டுனீங்க, கடைக்காரனைத் திட்டுனீங்க —

எழுத முடியலை.

22 மார்ச், சனி

சோறு எறங்கலை. எனக்கும்.

24 மார்ச், திங்கள்

ஆட்களை வரச்சொன்னேன். இனி பில்டருக்குக் காற்று கிடையாது. டயரில் அடிக்கக் கூடாது. உள்ளங்கையில் தட்டலாம், அதற்குப் போகாத தூசி இருந்தால் பில்டரே மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். அன்றைக்கு வண்டியை நிறுத்தியிருந்த பக்கம் பார்த்தேன். போரிலிருந்து கிளம்புகிற தூசி அப்படியே இஞ்சின் மேல் போகிறது. களத்தில் தூற்றும்போது காற்று போகிற பக்கம் நின்று பதரை வாயில் வாங்குவானா எவனாவது? வண்டியைக் காற்று வருகிற பக்கம் நிறுத்துங்கள்.

கந்தவேலுக்கு மனசில்லை. "அண்ணன் சொன்னதை மாத்தறதுங்களா அக்கா?"

"அண்ணன் இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். என்னைத் திட்டியிருப்பாரு. அப்பறம் மாத்தியிருப்பாரு."

"முதல்ல திட்டுவாருங்க, அது நெசம்" என்றான்.

யார் ஆரம்பித்த பழக்கம் என்று வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டினார்கள்.

27 ஏப்ரல், ஞாயிறு

மறுபடியும் முதலிலிருந்து. புதுக் கம்பெனி ஒன்று, புது மஞ்சள் ஒன்று. இந்தத் தடவை கொடியில் தொங்குவதைப் பார்த்தால் வண்ணான் வந்துபோன மாதிரி இருக்கிறது.

கம்பெனி, பன்னிரண்டு போருக்கும் துணி வெள்ளை. மஞ்சள், எட்டு வரைக்கும் வெள்ளை. ஒன்பதில் துணியின் ஒரு ஓரத்தில் மட்டும் கோடு மாதிரி அழுக்கு. காகிதம் நன்றாகத்தான் இருக்கிறது. டார்ச் அடித்தும் பார்த்தேன். ரப்பர் வளையம்தான் இந்த வெயிலில் இறுகி, ஒரு பக்கம் உட்கார மாட்டேன் என்கிறது.

ஆக என் தீர்ப்பு: வெளியூருக்கு வண்டி போகும்போது கம்பெனிப் பில்டர். பக்கத்தில் ஓடும்போது மஞ்சள் போதும், எட்டுப் போருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பேப்பரில் சுற்றித் தருகிறதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெளி மார்க்கெட்டுச் சரக்கென்றால் எல்லாம் குப்பை என்று சொன்ன பட்டறைக்காரரும் தப்பு. எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னவரும் தப்பு.

16 மே, வெள்ளி

கைலாசம் டர்போவைக் கழற்றிக் காட்டினார். இறக்கை நுனி, போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன்.

"ஒரு குண்டுமணி மண்ணுத் திங்கலீங்க அம்மணி. கவுண்டர் காலத்துலகூட இஞ்சின் இப்பிடி இருந்ததில்லீங்க."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் பாதிதான் வந்தது.

8 ஜூன், ஞாயிறு

வைகாசி முடிகிறது. கொழுந்தனார் வந்து கந்தவேலிடம் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். புகைக்குழாய் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். புகை இல்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஹோஸ் காற்று என்றதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எந்த முட்டாப்பய இப்பிடிச் சொல்லிக்குடுத்தது? ஏண்டா கந்தவேலு, நீ தானா? ரெண்டு இஞ்சினைத் தின்னது நீ தானாடா?"

கந்தவேல் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொல்ல வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான். வாயைத் திறக்கவில்லை. எட்டு வருஷமாக இந்த வண்டியில் கிடக்கிறவன். இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் பேரும் நல்லபடியாக இருந்திருக்கும், வண்டியும் என்னிடம் இருந்திருக்கும். இவன் மட்டும் போயிருப்பான்.

"அவனைத் திட்டாதீங்க. சொல்லிக்குடுத்தது உங்க அண்ணன்தானுங்க."

கொழுந்தனார் கையைக் காட்டி இஞ்சினை நிறுத்தச் சொன்னார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் அண்ணன்தான் சொல்லிக்குடுத்தாரு நங்கை. எங்க வண்டியிலயும் அப்பிடித்தான் அடிச்சுக்கிட்டு இருக்கறோம்."

17 ஜூன், செவ்வாய்

வண்டி கொடுப்பதற்கில்லை என்று ஓமலூர்க்காரருக்குக் கொழுந்தனாரே ஆள் அனுப்பிவிட்டாராம்.

இன்று அவர் வண்டி ஆட்கள் நாலு பேரை என்னிடம் அனுப்பியிருந்தார், பில்டரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டு போக. வாசலில் சாக்கை விரித்துக் காட்டினேன். கந்தவேல் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குத் தெரியாததையும் சேர்த்துச் சொன்னான். அதில் ஒருத்தர் கேட்டார்.

"முன்னயெல்லாம் எதுக்குங்க காத்தடிச்சாங்க?"

கந்தவேல் என்னைப் பார்த்தான்.

"தூசி அடைச்சு வண்டி நின்னா வேலை நிக்குமுங்க. கெணறு வத்திப் போயி, பாவம், தோட்டத்துக்காரங்க வந்து வந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க. அவிகளைக் காக்க வெக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு அவசரப்பட்டாரு" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நிறுத்தி வைத்தேன். ஐந்து பேருக்கும் இலை போட்டேன்.