அடுத்த காம்பராவின் கதவு

5 மே 1957, ஞாயிறு

கோழிக்கூடு இன்று முடிந்தது. மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் கம்பி வலை, மேலே தகரம். தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி வைத்திருக்கிறேன், கீரி ஏறாது. பகலில் கோழிகள் உலாவ, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை நட்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓர் அடைப்பும் போட்டாயிற்று.

பலகைக்கு அலையவில்லை. மூக்கன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனதிலிருந்து அவர்கள் இருந்த அடுத்த காம்பரா சும்மா கிடக்கிறது. அதன் கதவைக் கழற்றி அறுத்தேன். என் பெண்சாதி நாகலெட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"யாராச்சும் கேட்டா?" என்றாள்.

"ஆளில்லாத வீட்டுக்குக் கதவு எதுக்கு?" என்றேன்.

11 மே

ஐந்து பெட்டைகளும் சேவலும் பழகிவிட்டன. பொழுது சாய்ந்தால் தாமாகவே கூட்டில் ஏறிக்கொள்கின்றன. இன்று முதல் முட்டை.

27 மே

அடுத்த காம்பராவுக்கு ஆள் வந்துவிட்டார்கள். சோலைமலை, அவன் பெண்சாதி வேலாயி, பிறந்து இருபது நாளான பெண் குழந்தை. மேல்லயத்தில் இவர்கள் இருந்த காம்பராவின் கூரை சரிந்துவிட்டதாம். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

28 மே

வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில், எங்களை மேய்க்கும் கண்டாக்கு ஐயா எல்லாரையும் பார்த்துக் கேட்டார், "அந்தக் கதவு எங்கப்பா?"

"மூக்கன்தான் தூக்கிட்டுப் போயிருப்பான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா? ஆட்டினேன்.

மழை விட்டதும் தச்சனை அனுப்புவாராம். அக்கரப்பத்தனையில் மழை இப்போதுதானே தொடங்குகிறது.

6 ஜூன்

மூன்று நாளாகச் சாரலும் காற்றும். சாக்கு நனைந்து சுவரில் அடிக்கிறது. நாகலெட்சுமி, பிள்ளை பெற்றவளுக்கு என்று இரண்டு முட்டை அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "ஒங்களுக்கு நல்ல மனசுக்கா" என்றாளாம் வேலாயி. அதைச் சொல்லிவிட்டு இவள் வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடவில்லை.

10 ஜூன்

குழந்தை இருமுகிறது. சுவர் வழியாகக் கேட்கிறது.

13 ஜூன்

நெஞ்செல்லாம் சளி, உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். தேயிலை லொறியில் ஏற்றினோம். வேலாயியின் சேலைக்குள்ளிருந்து அந்தச் சின்ன மூச்சு இழுப்பது கேட்டது. "நல்லபடியா வந்துருவம்ணே" என்று சோலைமலை என் கையைப் பிடித்தான். என் கையை!

திரும்பி வந்து பார்க்கிறேன் – கூட்டுக்குள் கோழிகள் ஒரு பொட்டுக்கூட நனையாமல் உட்கார்ந்திருக்கின்றன.

பாவி. அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா ஏதாச்சும் ஒரு கதவு வந்திருக்குமே. வேல போயிருமேன்னு பயந்தேன். இப்ப அந்தப் புள்ள? அது போயிருச்சுன்னா?

14 ஜூன்

கூட்டைப் பிரித்தேன். குறுக்கே அறுத்த பலகை ஒன்றோடொன்று சேரவில்லை. எங்கள் கதவைக் கழற்றிக்கொண்டுபோய் அங்கே மாட்டினேன். "எடுத்தது நீங்க மட்டுமா? பலகையப் பிடிச்சது நானில்லையா?" என்று சொல்லிக்கொண்டே நாகலெட்சுமி ஆணி எடுத்துக் கொடுத்தாள். சாக்கு இப்போது எங்கள் வாசலில். கோழிகள் அடுப்படியில், கூடைக்கடியில்.

பிறகு கண்டாக்கு ஐயாவிடம் போய்ச் சொன்னேன். கண்டபடி ஏசினார். இரண்டு வாரம் வேலை இல்லை. அவ்வளவுதான். இதற்கா பயந்தேன்?

20 ஜூன்

துணி எடுத்துப்போகச் சோலைமலை வந்தான். வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புள்ள பொழைக்கட்டும். அப்புறம் பேசுறேன்."

அடித்திருந்தால் தேவலை.

2 ஜூலை

பிள்ளை பிழைத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாகலெட்சுமி போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுதாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போக?

18 ஆகஸ்ட், ஞாயிறு

சோலைமலை இன்னும் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் நான்தான் ஒதுங்கிப் போகிறேன்.

இன்று நல்ல வெயில். வேலாயி குழந்தையோடு வாசலில் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் போனேன்.

"அண்ணே, அடுப்புல ஒல பொங்குது. இவளக் கொஞ்சம் பிடிங்க."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். கழுத்து நன்றாக நின்றுவிட்டது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள்.

சோலைமலை வெளியே வந்தான். குழந்தையை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

அவளை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.