குங்குமம் வைத்த லைசென்ஸ்

19-10-69, ஞாயிறு
காலையில் தூறல். ஆயுத பூஜை. முதலாளியின் காரைக் கழுவித் துடைத்தாயிற்று. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மதியம் வீட்டில் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பலகையில் என் ஸ்பேனர், திருப்புளி, பக்கத்தில் லைசென்ஸ் புத்தகம். அலமேலு அடுக்கியது. "இரும்புக்கு மட்டும் வச்சா போதுமா? இதுதானே நமக்குச் சோறு போடுது." கல்யாணமாகி ஐந்து மாதம். என் வீட்டில் அவள் செய்யும் முதல் பூஜை. சுண்டலில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

20-10-69, திங்கள்
மறுபூஜை முடிந்து லைசென்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். திறந்து பார்க்காமல் சட்டைப்பையில் வைத்தேன். சாயங்காலம் நல்ல மழை. வைப்பர் ஒன்று ஓடவில்லை. ரப்பர் மாற்ற வேண்டும்.

21-10-69, செவ்வாய்
ஐயம்பேட்டை தாண்டி போலீஸ் கை காட்டினார்கள். புது சப்-இன்ஸ்பெக்டர், கூட ஏட்டு. நிறுத்தினேன். லைட், ஹாரன், ஆர்.சி. புத்தகம் எல்லாம் சரி. லைசென்ஸைத் திறந்தார். என் போட்டோவில் சந்தனம், நெற்றியில் காலணா அகலம் குங்குமம். எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கிடந்தது. பிரித்ததும் முகம் உரிந்து வந்துவிட்டது.

"யார் லைசென்ஸ்யா இது?"

"என்னுதுதான் சார். பூஜையில வச்சது."

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போலியோ என்று சந்தேகம் வந்தால் பிடுங்கி வைக்க அதிகாரம் உண்டாம். ரசீது எழுதிக் கொடுத்தார். வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்புறம் தொடக்கூடாது. பொட்டு வைத்தவரே வியாழக்கிழமைக்குள் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும். இல்லாவிட்டால் கேஸ்.

முதலாளி: "வெள்ளிக்கிழமை மெட்ராசுக்குக் கல்யாணப் புடவை எடுத்துக்கினு போவணும்பா. லைசென்ஸ் இல்லாத ஆளை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? வேற டிரைவர்தான் பார்க்கணும்."

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஸ்டேஷனுக்குப் போனவள் என்று தெருப் பொம்பளைங்க அவளைப் பேச விடுவதா? மாட்டேன்.

22-10-69, புதன்
வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு? சொல்லுங்க. உடம்பு சுடலையே."

சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேனே. முகம் தெரிஞ்சுது, பொட்டில்லாம எப்படிக் கும்பிடறதுன்னு வச்சேன்." ஒரே அழுகை. நேற்றைய எரிச்சல் எங்கே போனதோ தெரியவில்லை. முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். "நான் வரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "வச்சது நானு. நான்தான் வரணும்."

23-10-69, வியாழன்
மழை விட்டிருந்தது. அவள் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கட்டிக்கொண்டாள். ஸ்டேஷன் வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "உட்காரும்மா. இந்த ஆள் உனக்கு யார்?"

"வீட்டுக்காரர்."

"பேர் சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டாள். ஏட்டு உதவிக்கு வந்தார். "புருஷன் பேரைச் சொல்லமாட்டாங்க சார்." அலமேலு மெல்ல, "பெரிய காஞ்சிபுரத்துல மாமரத்துக்குக் கீழ இருக்கிறாரே, அந்தச் சாமி பேரு" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா. நான் எழுத முடியாதே. சாட்சி வாயால சொன்னதைத்தான் எழுதணும். சொல்லலேன்னா இவருக்கு லைசென்ஸ் கிடையாது."

என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. பாவம், போதும் வா, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். "ஏகாம்பரம்."

ஏட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் எழுதி, கைநாட்டு வாங்கினார். புதுப் போட்டோ ஒட்டச் சொல்லி லைசென்ஸ் ஆபீசுக்கு ஒரு கடிதம். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. நாளைக்கு மெட்ராஸ்.

பஸ் ஸ்டாண்ட் வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"இன்னொரு தரம் சொல்லேன்."

"போங்க. கேஸ் முடிஞ்சுபோச்சு."