ஏழாவது ட்ராக்

பேசாலை,
14.09.2025

அன்பு மகள் நிறஞ்சலாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் ஒரு மணியை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெற்றிசியாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். தகப்பனுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து புதன்கிழமை அவள் நோர்வேக்கு, உங்கள் பேர்கனுக்குத் திரும்புகிறாள். போனில் சொல்லாமல் அம்மா ஏன் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் பிள்ளை. கடிதம் என்றால் நான் நிறுத்தாமல் எழுதி முடிக்கலாம், நீயும் முடியாத இடத்தில் மடித்து வைத்துவிட்டுப் பிறகு எடுத்து வாசிக்கலாம். கூடவே ஒரு பென் டிரைவ் இருக்கிறது, அதைக் கடிதம் முழுவதையும் வாசித்த பிறகுதான் போட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவள் சொல்கிறேன், கேள்வியை முழுக்க வாசிக்காமல் விடை எழுதத் தொடங்காதே.

இங்கே சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. காலையில் கூட்டினால் மத்தியானம் திரும்பவும் மணல். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிற கெட்டித்தனம் போகவில்லை. ஏனப்பா இப்படி என்று கேட்டால், சோதினைக்கு முதல் நாள்தானே உன்ர பிள்ளையளும் படிச்சதுகள் என்கிறார். றெயிலில் கொடி காட்டி விசில் ஊதுகிற காட் வேலை பார்த்த மனிதர் என்பதால் இப்போதும் எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிறார். பின்னேரம் ஐந்தரைக்கு அண்ணாவின் அறைக் கதவடிக்குப் போய் நிற்கிறார். உள்ளே போவதில்லை. அண்ணா கோயில் பாடகர் குழுப் பயிற்சிக்கு வெளிக்கிடுகிற நேரம் அது, உனக்கும் தெரியும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் குசினிக்குள் போய்விடுவேன்.

இனி நீ ஆடி மாதம் எழுதிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளின் கணவர் பாட்டுகள் செய்கிறவர் என்றும், பெரிய ஸ்டூடியோக்காரர் பாவிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும், கலந்துபோன பாட்டுக்குள்ளிருந்து ஒரு குரலை மட்டும் பிரித்து எடுக்கிற வசதியெல்லாம் அதில் உண்டு என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அதை வாங்குவதா, அண்ணா பாவித்ததையே எடுப்பதா, எதை வாங்கட்டும் அம்மா, என்ர குரல் திரும்பி வந்தாப் போதும் என்று கேட்டிருந்தாய். அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று தெரியாது. எனக்குத் தெரியாத பாடத்துக்கு ஒருநாளும் விடை சொன்னவள் இல்லை என்பதால், ஸப்ராஸிடம் ஒரு மாதம் மாணவியாக இருந்தேன். அண்ணாவின் சிநேகிதன், எருக்கலம்பிட்டிப் பிள்ளை, மன்னார் ரவுனில் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிறானே, அவன்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குப் படிப்பித்தான். என்ர வாழ்க்கையில டீச்சருக்கு வீட்டுவேலை குடுக்கிற காலமும் வந்திட்டுது என்று சிரிப்பான்.

விடைக்கு முன்னால், நடந்ததை ஒழுங்காக எழுத விடு. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நான் உனக்கு ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. அண்ணா ஐந்து நாள் காய்ச்சலில் போனபோது உனக்கு வயிற்றில் எட்டு மாதம், விமானத்தில் ஏற விடவில்லை. அடக்கம் முடிந்த அன்று நீ போனில் சொன்னாய், அம்மா, உங்கட முப்பத்தைஞ்சாவது கலியாண நாளுக்கு அண்ணா ஒரு பாட்டுச் செய்துகொண்டிருந்தவன், உங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனாங்கள், அதில என்ர குரலும் கிடக்கு, பாடி அனுப்பினனான், அதை மட்டும் கவனமாப் பாருங்கோ என்று. நான் கவனமாகத்தான் பார்த்தேன். செத்த வீட்டில் ஒரு வருடம் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று ரி.வி.யைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன், ரேடியோவை அலுமாரிக்குள் வைத்தேன். அண்ணாவின் கணினியும் பாட்டுச் சாமான்தானே என்று வயர்களைக் கழற்றி, சின்ன வயதில் அவனுடைய முதல் நன்மைப் பூசை அன்று மேசைக்கு விரித்த வெள்ளைத் துணியால் மூடி, அறையையும் பூட்டினேன். கவனமாகப் பார்ப்பது என்றால் தொடாமல் மூடி வைப்பது என்று நினைத்தேன். மேல் யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது என் நினைவில் வரவில்லை. ஒரு வருடக் காற்று அதற்குள்ளால் உப்பைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. ஆண்டுப் பூசை முடிந்து துணியை எடுத்தபோது துணி வெள்ளையாகத்தான் இருந்தது, கணினியின் ஆணிகள்தான் துருப்பிடித்துப் போயிருந்தன. சுவிச்சைப் போட்டால் உயிர் வரவில்லை. சாமானை மூடி வைக்காம சுவிச்சைப் போட்டு வைச்சிருந்தா இவ்வளவு வராது டீச்சர் என்று ஸப்ராஸ் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து உடனே வாயை மூடிக்கொண்டான்.

மூன்று கிழமை அவன் அதோடு மாரடித்துப் பதினொரு ட்ராக்கில் எட்டை மீட்டான். ட்ராக் என்றால் இரட்டைக்கோட்டுக் கொப்பியில் கோடுகள் இருப்பதுபோல, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு கோடு. அண்ணா ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருந்தான். ஒன்று அப்பா விசில், அவருடைய காட் விசிலேதான், எப்போது பதிந்தான் என்று தெரியாது. ஒன்று அம்மா வெண்கட்டி, நான் கரும்பலகையில் தட்டி எழுதுகிற சத்தம். ஒன்று காற்றாலை. கிற்றாரும் ஒரு மத்தளமும் அழிந்துவிட்டன. ஏழாவது கோட்டுக்கு நிறா என்று பெயர். அதில் ஒன்றும் இல்லை. அதை உனக்குச் சொன்ன அன்று, ஏனம்மா மூடினனீங்கள், ஒரு நாள் எண்டாலும் போட்டுப் பாத்திருக்கலாமே என்று சொல்லிப் போனை வைத்தாய். பிறகு மூன்று கிழமை சின்னவளின் படம் மட்டும் வந்தது, எழுத்து ஒன்றும் வரவில்லை. எனக்குக் கோபம் இல்லை மகள். நீ கேட்டதை நானே ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். இது பாவமில்லை அம்மா என்றார் பங்குச் சுவாமி. பாவமாக இருந்திருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும்.

இனி மென்பொருள். வலை வாங்கப் போகிறவன் முதலில் என்ன மீன் என்று கேட்க வேண்டும். கீரிமீனுக்குக் கொண்டுபோகிற வலையைச் சுறாவுக்குப் போட ஏலாது, கரையில் நண்டு பிடிக்கிறவனுக்கு ஆழ்கடல் வள்ளமும் தேவையில்லை. உன் வேலை என்ன? அண்ணாவின் பாட்டைத் திறப்பது, ஒரு குரலைப் பதிவது, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒன்றாகச் சேர்ப்பது. அவ்வளவுதான். அண்ணா பாவித்தது ரீப்பர். மாதாமாதம் கட்டத் தேவையில்லை, முதல் அறுபது நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம், உன்னுடைய பழைய லப்டொப்பும் அதைத் தாங்கும் என்கிறான் ஸப்ராஸ். அதைவிட முக்கியம், அண்ணா செய்த பாட்டு அவன் வைத்த ஒழுங்கிலேயே அதில் திறக்கும். வேறொன்றை வாங்கினால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகக் கொண்டுபோய் அடுக்க வேண்டும். அப்படியும் ஒரு நாள் தேவைப்படலாம் என்று எட்டையும் தனித்தனிச் சத்தக் கோப்பாகவும் ஸப்ராஸ் பென் டிரைவில் போட்டிருக்கிறான். பிள்ளை வளரும்தானே என்று இரண்டு அளவு பெரிய சப்பாத்து வாங்கிக் கொடுத்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க இடறி விழுந்ததையும் கண்டிருக்கிறேன். பெரிய மென்பொருளும் அப்படித்தான். ஒன்றுக்காவது செலவழிக்க மனம் இருந்தால் நல்ல மைக் ஒன்றை வாங்கு. அண்ணா முதலில் வேறொரு மென்பொருளைக் களவாக இறக்கி வைத்திருந்ததும், களவெடுத்த சாமானில மாதாவுக்குப் பாட்டுப் போடக்கூடாது என்று நான் சண்டை பிடித்ததும் உனக்கு நினைவிருக்கும். அம்மா, இந்த ஊரில அரைவாசிக் கொம்பியூட்டர் களவுச் சாமான்தான் என்றான். அப்ப அரைவாசி ஊரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கோ என்றேன். அடுத்த கிழமை ரீப்பருக்குக் காசு கட்டிவிட்டு, இனி மாதாவும் நீங்களும் சந்தோசமோ என்று வந்து நின்றான்.

இதோடு விடை முடிந்திருக்க வேண்டும். ஆனால் குரலைப் பிரித்தெடுக்கிற அந்தப் பெரிய மென்பொருளைப் பற்றி நான் ஸப்ராஸிடம் கேட்டபோதுதான், எதிலிருந்து பிரிக்கிறது என்று அவனுக்கு யோசனை வந்தது. ரீப்பரின் பாட்டுக் கோப்பைச் சாதாரண எழுத்தாகவும் திறந்து வாசிக்கலாமாம். திறந்து எனக்குக் காட்டினான். ஒவ்வொரு ட்ராக்குக்குக் கீழும் அதில் பதிந்த சத்தத்தின் பெயர் எழுதியிருந்தது. அழிந்துபோன கிற்றாருக்கும் மத்தளத்துக்கும்கூடப் பெயர் இருந்தது, சத்தம்தான் இல்லை. ஏழாவதில் நிறா என்று இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அண்ணா அதற்கு முந்திய கிழமைகளில் சேமித்து வைத்த பழைய பிரதிகளையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அப்படித்தான். டீச்சர், இது தொலைஞ்சதில்ல, இதுல ஒருக்காலும் ஒண்டும் பதியல்ல என்றான். பிறகு மெதுவாக, நீங்க மூடினதால ஒண்டும் இல்ல டீச்சர் என்றான்.

மகள், என்னை மன்னித்துக்கொள், அதற்குப் பிறகு அண்ணாவின் போனையும் எடுத்து நீங்கள் இரண்டு பேரும் எழுதியதைப் பார்த்தேன். நீ பாடி அனுப்பியது ஒன்றும் அதில் இல்லை. இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று நீ எழுதியவைதான் இருந்தன. கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது என்று எழுதியிருந்தாய். அவனுக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாளைக்கு முதல் அவன் எழுதியது இது: அவசரமில்ல, குட்டி பிறந்தாப் பிறகும் பாடலாம், இடம் விட்டு வைக்கிறன். நீ ஒரு பூப்படம் மட்டும் போட்டிருந்தாய்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவளுக்குச் சொல்லாதை செலீனா, பழி உன்ர தலையில கிடந்தாக் கிடக்கட்டும், அவ்வளவு தூரத்தில தனிய நிண்டு அவள் இதையும் சுமக்க ஏலுமோ என்றார். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு மாதம் சொல்லாமல்தான் இருந்தேன். பழி சுமந்து பழகிவிட்டது. ஆனால் சொல்லாவிட்டால் நீ மாதாமாதம் காசு கட்டி, அங்கே இல்லாத ஒரு குரலைத் தேடிக்கொண்டே இருப்பாய். ஒவ்வொரு மென்பொருளாக மாற்றி மாற்றித் தேடுவாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை ஆறாம் வகுப்பில் சுவேதினி என்று ஒரு பிள்ளை, கட்டுரைக் கொப்பியைத் தந்துவிட்டேன் ரீச்சர் என்று மாதாமேல் சத்தியம் செய்து அழுதாள். நானும் நம்பி இரண்டு நாள் ஆசிரியர் அறை அலுமாரி முழுவதையும் கிளறினேன், தொலைத்தது நான்தான் என்று அதிபரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் கொப்பி அவளுடைய பையிலேயே சாப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கொடுக்க வேண்டும் கொடுக்க வேண்டும் என்று இரவெல்லாம் நினைத்திருக்கிறாள், நினைத்து நினைத்து அது கொடுத்ததாகவே ஆகிவிட்டது. கொடுக்க விருப்பமில்லாத பிள்ளைக்கு அப்படி வராது. நீயும் அண்ணாவுக்காக உன் மனதுக்குள் அந்தப் பாட்டை எத்தனை தரம் பாடியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பென் டிரைவில் இருப்பதை நானும் அப்பாவும் ஒரு முறை கேட்டோம். அவர் கதவடியில் நின்றுதான் கேட்டார். இரண்டாவது நிமிடத்தில் எல்லாச் சத்தமும் தணிந்து ஒதுங்குகிறது, காற்றாலை மட்டும் தூரத்தில் சுற்றுகிறது, யாருக்கோ வழிவிட்டு நிற்பதுபோல. பிறகு அப்பாவின் விசில் வந்து பாட்டு மறுபடியும் வெளிக்கிடுகிறது. அந்த இடத்தை அழிவு என்று நான் எட்டு மாதம் நினைத்திருந்தேன். அது உனக்கு விட்ட இடம். மார்கழியில் இரண்டாம் ஆண்டுப் பூசை வருகிறது, அதற்குள் செய் என்று நான் சொல்ல மாட்டேன். பாட முடியாவிட்டால் அந்த இடம் அப்படியே இருக்கட்டும், அதையும் நாங்கள் கேட்போம். முடிந்தால், அண்ணா செய்வதுபோல அலுமாரியைத் திறந்து தொங்குகிற உடுப்புகளுக்குள் தலையை விட்டுப் பாடு, வெளிச்சத்தம் வராது, அழுகை வந்தாலும் ஒருவருக்கும் கேட்காது.

சின்னவளை வெளியே கொண்டுபோகும்போது காதை மூடித் தொப்பி போடு. இரவு வேலைக்குச் சாப்பிடாமல் போகாதே. மருமகனிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு, தனிய வைத்திருக்காதே. அப்பா உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போடச் சொன்னார், பெற்றிசியாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் வந்து போடுவாள். நீ இங்கிருந்து போன நாள் முதல் உன்னை மாதாவின் கையில்தான் விட்டிருக்கிறோம், அவ உன்னையும் உன் வீட்டையும் காப்பா.

ஒன்றை மட்டும் மறவாதே மகள். என் முப்பத்திரண்டு வருடத்தில் பிந்தி வந்த கொப்பி ஒன்றையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

உன் அன்பு அம்மா,
செலீனா அமிர்தநாயகம்