ஊசிக்கு முந்தின ஞாயிறு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி, புதன்கிழமை

அன்பு மகள் டயானாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பொய். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் அந்தக் கிருமி திரும்ப வந்துவிட்டது. டிபி மாதிரி, ஆனால் டிபி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று முன்னே சொன்னார்களே, அதேதான். போன தடவை பத்து மாதம் மாத்திரை போட்டார், சளி சுத்தம் என்று ரிசல்ட் வந்த நேரம் சங்கு குளிக்கிற சீசனும் வந்தது, மாத்திரையோடு முங்கினால் தண்ணீருக்குள்ளேயே குமட்டுகிறது என்று எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். டாக்டர் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இந்தத் தடவை ஒன்றரை வருஷம் மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று ஊசியாம். அந்த ஊசியால் காது போனாலும் போகலாம், முங்கி முங்கி ஒரு காது ஏற்கெனவே மந்தம், அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். போடாவிட்டால் நுரையீரலில் ஓட்டை பெரிதாகும். எனக்கு அலுத்துவிட்டது மகளே. வாந்தி வாளி கழுவிய கை இது. இன்னொரு ஒன்றரை வருஷம் என்றதும், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உன்னிடம் மட்டும்தான் சொல்லுகிறேன்.

பிறகு மனசு கேட்காமல் மனுவேல் மாமாவைக் கூப்பிட்டு, நீ சொன்னால் கேட்பார், ஊசி போடச் சொல்லு என்றேன். அப்பா கடலில் இறங்கிய நாளெல்லாம் மேலே வள்ளத்தில் நின்று அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தவன் என் தம்பிதானே, அக்காள் தாலியை அறுக்க மாட்டான் என்றுதானே மச்சினன் கையில் கயிற்றைக் கொடுப்பது. அவனோ, மேல நிக்கவன் இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாதுக்கா, கீழ இருக்கவரு கயித்த அசைக்கணும், அதுவரைக்கும் விடாம பிடிச்சிருக்கதுதான் நம்ம வேல என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துப் போய்விட்டான். எரிச்சலாக வந்தது. ஆனாலும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று இட்லி தின்னும்போது அவராகவே, ஏளா, திங்கக்கிழம போவோம், ஊசி போட்டுக்கிடுதேன், டயானாகிட்ட மட்டும் சொல்லாத, பயந்துருவா என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

லீவு போட்டு ஓடி வராதே. பேரனைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பனிமய மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணு. மருந்துப் பேச்சே எடுக்காதே. பேரனைப் பேச விடு, என்னவாவது பேசட்டும். அப்பாவின் நல்ல காதில் போனை வைத்துவிடுகிறேன், எவ்வளவு நேரமானாலும் திரும்ப வாங்க மாட்டேன்.

உன் அம்மா
பிளாரன்ஸ்