நீங்கள் சொன்ன ஓம்

அண்ணை,

நேற்று நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு பார்க்கப் போனோம். கார்க் கண்ணாடியை இறக்கியதும் மாட்டெருவும் ஈரச் சோளமும் கலந்த மணம் ஏறி அடித்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். நான் காரை ஓரங்கட்டிவிட்டேன். தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் இருவரும் எல்லைக்கு நடந்த அந்த அமெரிக்க றோட்டின் மணம் அது.

ரக்சிக்காரன் சோதனைச்சாவடிக்கு ஒரு மைல் முன்பே எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு பக்கமும் சோளம், இடைக்கிடை பெரிய மாட்டுக் கொட்டில்கள். புதுச் சப்பாத்து கடித்ததால் நொண்டிக்கொண்டு வந்தீர்கள். "கனடா இவ்வளவு கிட்டவோ? எங்கட சந்தைக்குப் போற தூரம்தான்" என்று சிரித்தீர்கள். சட்டைப் பையிலிருந்த மூன்று வயது மகளின் படத்தை எடுத்துக் காட்டினீர்கள். முதல்நாள் பஸ்ஸில்தான் அறிமுகமானோம். அந்த ஒரு மைலில் எனக்குச் சொந்த அண்ணன் ஆகிவிட்டீர்கள்.

"இங்கிலிஷ் தெரிஞ்சமாதிரிக் காட்டாதேங்கோ, சந்தேகப்படுவாங்கள்" என்று எங்களை அனுப்பிய ஏஜென்ற் சொல்லியிருந்தான். ஊரில் இங்கிலிஷ் ரியூசன் கொடுத்தவன் நான். அதை உங்களுக்குக்கூடச் சொல்லவில்லை.

அதிகாரி முதலில் உங்களைக் கூப்பிட்டு, கனடாவில் தஞ்சம் கேட்கிறீரா என்றார். பதற்றத்தில் உங்களுக்கு "யெஸ்" வரவில்லை. "ஓம், ஓம்" என்றீர்கள். அவர் காதில் அது "ஹோம்" என்று விழுந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போகவா விருப்பம் என்று கேட்டார். சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது என்ற சந்தோசத்தில் நீங்கள் இன்னும் பலமாகத் தலையாட்டினீர்கள். "ஓம்!"

எனக்கு எல்லாம் விளங்கியது. பின்னால் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. என் முறை வந்ததும் "யெஸ்" என்றேன்.

உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்கக் காவலில் எட்டு மாதம். அதன் பிறகுதான் கனடாவுக்குள் வந்து சேர்ந்தீர்கள். உங்கள் கேஸ் பிந்தியதில் குடும்பமும் பிந்தித்தான் வந்தது. எயாப்போட்டில் மகள் உங்களைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தாள். "என்னை ஆரெண்டு தெரியேல்லை அவளுக்கு" என்று காரில் ஒருதடவைதான் சொன்னீர்கள். கார் ஓட்டிய எனக்கு அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நான் கோழை, அண்ணை.

நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் இதையே பகிடியாகச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தீர்கள். முடிவில் என் தோளில் தட்டி, "இவனும் பாவம், அண்டைக்கு ஏ பி சி டி தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை விட்டிருப்பானே?" என்பீர்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடலாம் என்று பலமுறை வந்தேன். நீங்களோ மூச்சு வாங்க வாங்க என் பிள்ளைகளின் படிப்பையே விசாரித்தீர்கள்.

போன ஞாயிறு நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. சாப்பாடு முடிந்ததும் உங்கள் மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது. "அங்கிள், அப்பாட அந்த ஹோம் ஸ்ரோறியைச் சொல்லுங்கோ. அவர் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோ" என்றாள். சனம் திரும்பிப் பார்த்தது. சொன்னேன், அண்ணை. முடிவில், "எனக்கும் அண்டைக்கு ஏ பி சி டி தெரியாது" என்றேன். நீங்கள் போன பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

இனி அந்தக் கதையை அவள் என்னிடம்தான் கேட்பாள்.